ஒலிப்பதிவுக் கூடத்துக் கித்தார்: ஒரு பயிலரங்கில் கேட்டவையும் பட்டவையும்

‘இளைய நிலா’ பாடலை அறியாத தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகத்தில் இருக்க முடியாது. கித்தாரைக் கையில் எடுத்த எவரும் முதல் ஆறு மாதத்திற்குள் அதன் முன்னிசையை வாசித்துப் பார்த்து, விரல் நொந்து, கருவியைக் கீழே வைத்திருப்பார். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல் அது. இசை இளையராஜா, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், எழுதியவர் வைரமுத்து. இம்மூன்றையும் நம்மவர் நொடியில் சொல்லிவிடுவர். சரி, அந்தக் கித்தாரை வாசித்தவர் யார்?

நம் கழகச் செயற்குழுக் கூட்டத்தில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. “ராஜாவே வாசிச்சிருப்பாரு” என்றார் ஒருவர். வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். ஓராண்டுக்கு முன்னர் என்னைக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். எட்டு ஆண்டுகளாகக் கித்தார் வாசிப்பவன் என்று சொல்லிக்கொள்பவன் நான்.

ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைக்கப்பட்டு, யாரோ ஒருவரின் பாட்டுக்குக் கருவி இசைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி பெற்றுத் திரும்பும் கலைஞர்களைச் ‘செஷன்’ கலைஞர்கள் என்பர். காலையில் ஒரு காதல் பாட்டு, மதியம் சவர்க்கார விளம்பரம், இரவு ஒரு பக்திப் பாடல் என்று அவர்களின் நாள் போகும். பாட்டை முன்பே அனுப்பி ஒத்திகை பார்க்கச் சொல்வதெல்லாம் அபூர்வம். போய் உட்கார்ந்ததும் தாளை நீட்டுவார்கள், வாசித்தாக வேண்டும். அத்தகைய ஒருவர் நடத்திய பயிலரங்கில் 2025 ஆகஸ்டு மாதம் கலந்துகொண்டேன். அங்கு நான் கற்றதையும், கற்கும் முன் பட்ட அவமானத்தையும் இங்கு எழுதுகிறேன். நம் கழகத்தின் இசைக்குழுவில் இருப்போருக்கும் இனி வரப்போகும் இளையோருக்கும் இதில் பயன் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் நான் அங்குப் போனதற்குக் காரணம் அறிவுத் தாகம் அன்று. ஒரு பாட்டி.

அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த நம் கலை இரவு நினைவிருக்கும். முதலாம் ஆண்டுத் தங்கை ஒருவர் ஒரு பழைய பாடலைப் பாடினார். சுங்கை சிப்புட்டிலிருந்து அவருடைய பாட்டி பேருந்தில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நான் கித்தார். அன்று என் விரல்கள் நன்றாக ஓடின, கைத்தட்டலும் கிடைத்தது. இரண்டு நாள் கழித்துக் காணொளியைப் போட்டுப் பார்த்தோம். முழுக்க முழுக்க நானே கேட்டேன். குரல் எங்கோ சுவருக்கு அப்பால் இருந்தது. அந்தத் தங்கை சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “எங்க பாட்டி கேட்டாங்கண்ணே, ‘ஏம்மா, நீ பாடுனியா, இல்ல வாய மட்டும் அசைச்சியா’ன்னு.” அதன் பிறகு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. பாடங்கள் அதிகம் என்று காரணம் சொன்னார். ஒலி அமைப்பாளரின் கைவரிசை என்று நண்பர்கள் தேற்றினார்கள். நானும் சில வாரங்கள் அப்படியே நம்ப முயன்றேன்.

பயிலரங்கு பெட்டாலிங் ஜெயாவில், ஓர் இசைக்கருவிக் கடையின் மேல்மாடியில் நடந்தது. இருபது பேர் இருந்தோம். தமிழர் நான் ஒருவன்தான். நடத்தியவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு மலாய்க்காரர். தடித்த மூக்குக்கண்ணாடி, தேய்ந்த செருப்பு, ஒரே ஒரு கித்தார், ஒரு சிறிய ஒலிபெருக்கி, ஒரு மடிக்கணினி. ‘அபாங்’ என்றே அனைவரும் அழைத்தோம். கழக இதழில் எழுதப்போகிறேன், பெயரைப் போடலாமா என்று பின்னர்க் கேட்டேன். “பெயர் இல்லாமலே முப்பது வருடம் சோறு சாப்பிட்டாயிற்று, இப்போது எதற்கு?” என்று சிரித்தார். ஆகவே பெயர் இல்லை. அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் அவர் விரல் வித்தை காட்டுவார் என்று கைப்பேசியில் படம்பிடிக்கக் காத்திருந்தார்கள். அவரோ முதல் பத்து நிமிடம் கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு எங்களையும் கூட்டச் சொன்னார். நான் எப்போதும் போல ‘இ மேஜர்’ கோர்டை மெல்ல மீட்டி, அது காதுக்கு இனிக்கும்வரை மூன்றாம் கம்பியைச் சற்றுத் தளர்த்தினேன். அடுத்து ‘ஜி மேஜர்’ வாசிக்கச் சொன்னார். அதே கம்பி இப்போது அழுதது.

இதற்கு அவர் தந்த விளக்கம் எனக்குப் புதியது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் 100 செண்ட் என்று அளக்கிறார்கள். கித்தாரின் ஃபிரெட்டுகள், அதாவது வீணையில் நாம் மெட்டு என்போமே அவை, இந்தச் சமபங்குக் கணக்கில் பதிக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் காந்தாரம் 400 செண்டில் நிற்கிறது. ஆனால், தம்பூராவோடு இழைந்து நம் காது இனிமை என்று உணரும் காந்தாரம் ஏறத்தாழ 386 செண்டில் இருக்கிறது. பதினான்கு செண்ட் வேறுபாடு. ‘இ மேஜர்’ கோர்டில் மூன்றாம் கம்பி காந்தாரமாக ஒலிப்பதால் அதைத் தளர்த்தினால் இனிக்கும். ‘ஜி மேஜர்’ கோர்டில் அதே கம்பி ஆதார சட்ஜம். அங்குப் பதினான்கு செண்ட் குறைந்தால் வீட்டின் அடித்தளமே இறங்கிவிட்டது என்று பொருள். ஒரு கோர்டுக்குச் சுகம் கொடுத்தால் இன்னொன்று கெடும். பியானோ, பேஸ், கீபோர்டு எல்லாம் சமபங்குக் கணக்கில் நிற்கும்போது கித்தார் மட்டும் தன் காதுக்கு இனித்த இடத்தில் நிற்க முடியாது. “உனக்கு மட்டும் இனித்தால் போதாது” என்று அவர் என் கித்தாரைத் தொட்டுச் சொன்னபோது, பாட்டியின் முகம் ஒரு கணம் வந்து போனது.

அடுத்ததுதான் என் முறை. யாராவது முன்னால் வாருங்கள் என்றார். யாரும் எழவில்லை. எனக்கு அருகில் இருந்த சீனத் தோழர் என் முழங்கையைத் தள்ள, நான் எழுந்துவிட்டேன்.

காதில் ஹெட்போனைப் பொருத்தி, நிமிடத்திற்கு 72 என்ற கதியில் ‘கிளிக்’ ஓடவிட்டார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்பாலும் இந்தக் கிளிக் ஒலியைக் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள். இன்று கித்தார், நாளை வயலின், அடுத்த வாரம் குரல் என்று தனித்தனியே பதிவு செய்தாலும் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே பசை. எனக்குக் கொடுத்த வேலை மிக எளிது. ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் ஒரே ஒரு கோர்ட். எட்டுச் சுற்று. மொத்தம் எட்டுத் தடவை மீட்ட வேண்டும். பதினான்கு வயதிலிருந்து வாசிப்பவனுக்கு இதுவா வேலை என்று நினைத்துக்கொண்டேதான் வாசித்தேன்.

பதிவானதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கிளிக் விழும் இடங்களில் நேர்க்கோடுகள். என் ஒலியலை எட்டுத் தடவையும் கோட்டுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. ஒன்றில்கூடப் பின்னால் இல்லை, சரியாகவும் இல்லை. அளந்து சொன்னார்: ஏறத்தாழ நாற்பது மில்லிநொடி. ஒரு நொடியை ஆயிரமாகக் கூறிட்டால் அதில் நாற்பது. இதெல்லாம் ஒரு பிழையா என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. நாற்பது மில்லிநொடியில் அது கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். டிரம்ஸ் வாசிப்பவரை மேடையிலிருந்து இறக்கி, மண்டபத்தின் நடுவில் உட்கார வைத்துவிட்டு இருவரும் சேர்ந்து வாசிப்பது போன்றது அது. ஒவ்வொரு தட்டிலும் நான் அவரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

“ஏன் முந்துகிறாய் தெரியுமா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். “மௌனத்திற்குப் பயப்படுகிறாய். நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தில் உன்னால் நிற்க முடியவில்லை.”

இருபது பேர் முன்னிலையில் இதைக் கேட்கக் காது சூடாகத்தான் செய்தது. ஆனால் அவர் என்னை அங்கேயே நிற்க வைத்து ஒரு பயிற்சியும் கொடுத்தார். முதலில் சுற்றுக்கு நான்கு கிளிக். பின் இரண்டு. பின் ஒன்று. கடைசியில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. கிளிக் குறையக் குறைய இடைவெளியை நாமே சுமக்க வேண்டும். வேகமான கதியில் வாசிப்பது கடினம் என்று நாம் நினைக்கிறோம். மெதுவான கதியில் அடுத்த தட்டு வரும்வரை காத்திருப்பதுதான் கடினம். காலால் தட்டு, தலையை ஆட்டு, எதையாவது செய்து மௌனத்தை எண்ணு என்றார்.

அப்போதுதான் என் தமிழ்ப்பள்ளி நினைவுக்கு வந்தது. திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர், பாடாத இடத்திலும் தொடையில் கை நிற்கக்கூடாது என்பார். தட்டு, விரல் எண்ணிக்கை, மீண்டும் தட்டு, வீச்சு. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கையும் கையில் தெரிய வேண்டும். வாய் சும்மா இருக்கலாம், கை சும்மா இருக்கக்கூடாது. பத்து வயதில் அது தண்டனையாகத் தெரிந்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதை மறந்தேன். அங்கு மலாய் நண்பர்கள் ‘கித்தார் கப்போக்’ என்று அவர்கள் அழைக்கும் மலிவான கித்தார் ஒன்றில் சர்ச் குழுவின் ‘இசபெல்லா’வைச் சொல்லித் தந்தார்கள். அவர்களின் அன்புக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் வகுப்பறையின் பின்வரிசையில் கற்ற கித்தாருக்கு ஒரே இலட்சணம்தான்: எல்லாரையும் விடச் சத்தமாக வாசிப்பவனே கெட்டிக்காரன். அங்குப் பாடகரும் நாமே, டிரம்ஸும் நாமே, பேஸும் நாமே. எல்லாவற்றையும் ஒரே கருவியில் அடித்து நொறுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு ஓர் இசைக்குழுவுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சுங்கை சிப்புட்டுப் பாட்டி கண்டுபிடித்துவிட்டார்.

கித்தாரும் குரலும் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதற்கும் அபாங் விளக்கம் தந்தார். இதை நம் குழுவினர் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் கித்தாரின் தாழ்ந்த கம்பி அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸில். ஆறு கம்பிகளையும் சேர்த்து அடிக்கும்போது கீழ்க்கம்பிகள் பேஸின் இடத்தில் கால் வைக்கின்றன. நடுக்கம்பிகள் குரலின் இடத்தில் நுழைகின்றன. இதைவிடப் பெரிய தொல்லை பிளாஸ்டிக் வில்லை கம்பியில் உரசும் ‘சரக் சரக்’ ஒலி. அது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவி நிற்கிறது. நாம் பேசும் சொற்களில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில் வலிமையாக இருக்க, மெய்யெழுத்துகளின் தெளிவு ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சார்ந்திருக்கிறது. க, ச, த, ப எல்லாம் அங்குத்தான் பிரிந்து தெரிகின்றன. அந்த இடத்தை என் உரசல் அடைத்துக்கொண்டால் பாடகியின் குரல் கேட்கும், சொல் கேட்காது. வாயசைப்பது மட்டும் தெரியும். பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒலியியல் அவர் பக்கம்.

பிறகு ஒரு பாட்டின் பின்னணியை ஓடவிட்டு அபாங் மூன்று விதமாக வாசித்துக் காட்டினார். முதலில் என்னைப் போல, ஆறு கம்பியும் இடைவிடாமல். அறை நிறைந்தது, பாட்டு காணாமல் போனது. இரண்டாவது, மேலே உள்ள மூன்று கம்பிகள் மட்டும், இரண்டாம் நான்காம் தட்டுகளில் சிறு வெட்டு. டிரம்ஸ் திடீரென்று பெரிதாகக் கேட்டது. மூன்றாவது, அதையும் நிறுத்திவிட்டு, பாடகி ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் மூன்று சுரம். அவ்வளவுதான். ஆனால் நாங்கள் அனைவரும் அந்த மூன்று சுரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினோம். கைப்பேசியில் படம்பிடித்தவர்களில் சிலர் ஏமாற்றத்தோடு நிறுத்திவிட்டதையும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இடைவேளையில் தே தாரிக் வந்தது. அதற்குப் பின் முக்கால் மணி நேரம் எந்தப் பெடல் நல்லது, எந்தக் கம்பி நீடிக்கும் என்ற கேள்விகளிலேயே போனது. அவற்றை இங்கு எழுதிப் பயனில்லை. ஒரு செய்தி மட்டும்: அவர் கித்தாரின் பாதிக் கம்பிகளில் துரு ஏறியிருந்தது.

அதன் பின் பலகையில் எண்களை எழுதினார். 1, 5, 6, 4. வேறொன்றும் இல்லை. இது அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வளர்ந்த முறை. 1950களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிப் பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் தம் குழுவுக்காக உருவாக்கிய எண் முறையைச் சார்லி மெக்காய் முதலிய வாத்தியக் கலைஞர்கள் கோர்டுகளுக்கு ஏற்ப விரித்துக்கொண்டார்கள். கோர்டின் பெயரை எழுதுவதில்லை. அது சுருதியிலிருந்து எத்தனையாவது என்பதை மட்டும் எழுதுவார்கள். ‘சி’ சுருதியில் 1, 5, 6, 4 என்றால் சி, ஜி, ஏ மைனர், எஃப். பாடகர் வந்து, தொண்டை சரியில்லை, சுருதியை ஏற்று அல்லது இறக்கு என்றால் தாளை மாற்றி எழுத வேண்டியதில்லை. எண்கள் அப்படியே நிற்க, கை மட்டும் நகரும்.

மற்றவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. சுருதிப்பெட்டியை எங்கே வைத்தாலும் ச ச-தான், ப ப-தான். 1, 5, 6, 4 என்பது ச, ப, த, ம. பள்ளியில் ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று ஆசிரியர் மாற்றி மாற்றி வைத்துப் பாட வைத்தது இதைத்தானே! அவர் ‘ஈ பிளாட்’ சுருதியில் வாசிக்கச் சொன்னபோது அறையில் முதலில் வாசித்தவன் நான். காலையில் பட்ட அவமானத்துக்கு அது சற்று மருந்தாக இருந்தது. எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் ச ரி க ம படித்தேன் என்றேன். “ஆ, தமிழ்ப் பாட்டு ஒலிப்பதிவில் பாடகர்கள் அதைச் சொல்லித்தான் எனக்கு இசைத்துணுக்குகளைக் கற்றுத் தருவார்கள்” என்று தம் வாயாலேயே ஆரோகணம் அவரோகணம் பாடிக் காட்டினார். அந்த அறையில் ச ரி க ம அறிந்திருந்தவர்கள் நாங்கள் இருவர்தாம். ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழன்.

இந்தத் தொழிலின் வரலாற்றை அவர் சுருக்கமாகவே சொன்னார். ஆர்வத்தில் நான் பின்னர்த் தேடிப் பார்த்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் ரெக்கிங் க்ரூ என்று இன்று அழைக்கப்படும் கலைஞர் கூட்டம் இருந்தது. பீச் பாய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு ‘பெட் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் நாம் கேட்கும் கருவிகளில் பெரும்பகுதி இவர்கள் வாசித்தவை. இவர்களுள் டாமி டெடெஸ்கோ என்ற கித்தார் கலைஞர், மாண்டலின் போன்ற எந்தக் கம்பிக் கருவியைக் கொடுத்தாலும் அதைக் கித்தார் போலச் சுருதி மாற்றிக்கொண்டு வாசித்துவிடுவாராம். அவருடைய மகன் எடுத்த ஆவணப்படம் 2008இல் வெளிவந்தது. டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்திற்கு வாசித்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ பாடலில் தொடக்கத்தில் கித்தார் படிப்படியாக ஏறும் அல்லவா? வாசித்துப் பார்த்தால் அது நம் மோகனத்தின் ஆரோகணம். அதை வாசித்தவர் ராபர்ட் வைட். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது அந்தப் பாட்டு ஒலித்ததாம். பரிமாற வந்தவரிடம் ‘இதை வாசித்தது நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் உணவை மட்டும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். 2002இல் வெளிவந்த ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படத்தில் இச்சம்பவம் வருகிறது. மோடவுன் தொகுப்பு ஒன்றின் உறையில் இவர்களின் பெயர்கள் முதன்முதலாக இடம்பெற்றது மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான்.

நம் பக்கமும் அப்படித்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வருமுன் இளையராஜாவே பிறருக்குக் கித்தார் வாசித்தவர். சலில் சௌத்ரியின் குழுவில் வாசித்திருக்கிறார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்திருக்கிறார். அந்த இளையராஜாவின் குழுவில் சிறுவனாகக் கீபோர்டு வாசித்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். பின்னாளில் ரஹ்மான் தம் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டது பலரும் பாராட்டிய செயல். இன்று இசைத்தட்டும் இல்லை, உறையும் இல்லை. கைப்பேசியில் பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் ஓடுகின்றன. கித்தார் வாசித்தவரைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

பெயர் வேண்டாம் என்று அபாங் சிரித்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. அது அவருடைய பெருந்தன்மை. நாம் மறப்பதற்கு அனுமதி ஆகாது. அவரிடமும் இதைச் சொன்னேன். தோளைக் குலுக்கினார்.

கடைசியில் கேள்வி நேரம். எல்லார் மனத்திலும் இருந்ததை ஒரு பெண் கேட்டார்: இதை நம்பிப் பிழைக்க முடியுமா? அவர் தொகை எதுவும் சொல்லவில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு முறை கூலி. பாட்டு நாடெங்கும் ஓடினாலும் தமக்கு அதே கூலிதான் என்றார். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாதங்களில் ஹரி ராயா பாடல்கள் குவியும். அப்படியே சீனப் பெருநாள், தீபாவளி விளம்பரங்கள். மற்ற மாதங்களில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். திருமண விருந்துகளில் வாசிப்பார். கூடத்துக்கு நேரில் போவது குறைந்துவிட்டது. வீட்டிலேயே பதிவு செய்து கோப்பை அனுப்பிவிடுகிறார். அடுத்து, சில சொற்களைத் தட்டச்சு செய்தால் முழுப் பாட்டையே ஆக்கித் தரும் செயலிகளைப் பற்றி ஒருவர் கேட்டார். 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற இரு செயலி நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்திருந்தன. 2025இன் பிற்பகுதியில் அவற்றுள் சில சமரசத்தில் முடிந்து, கூட்டு ஒப்பந்தங்களாகவும் மாறின. அபாங் அதைப் பற்றி நெடுநேரம் பேசவில்லை. விளம்பர வேலைகள் முன்புபோல் வருவதில்லை என்று மட்டும் சொன்னார். அறை சற்று அமைதியானது.

நான் கணக்கியல் இறுதியாண்டு மாணவன். என் கேள்வியை எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூச்சப்பட்டு, படிக்கட்டில் வைத்துக் கேட்டேன். படிப்பை முடித்துவிட்டு முழுநேரமாக வாசிக்க வரலாமா? அவர் என்னை ஊக்குவிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “தொலைபேசி அடிக்காத வாரத்தில் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். அதற்குப் பதில் இருந்தால் வா” என்றார். எல்.ஆர்.டி.யில் திரும்பும்போது யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. இதழ் வந்ததும் படித்துவிடுவார் என்பதுதான் இப்போதைய கவலை.

அதற்கடுத்த வாரம் அந்தத் தங்கையைத் தேடிப் போய், சென்ற முறை தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒலி அமைப்பாளரிடமும் சொன்னேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான்கு வாரம் ஒத்திகை நடந்தது. முதல் வாரம் கிளிக் வைத்துக்கொண்டு இருவரும் மட்டும். பாட்டை ஒன்றரைக் கட்டை இறக்கினோம். எண் முறையில் எழுதியிருந்ததால் பேஸ் வாசிக்கும் தம்பிக்கும் சிரமமில்லை. சரணத்தில் நான் வாசிக்கும் இடங்களை எண்ணினேன். பல்லவிக்குத் திரும்பும் முன் மொத்தம் பதினொரு தொடுகை. மற்ற நேரத்தில் கையைக் கம்பிமேல் வைத்து மூடிக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி நிற்க வேண்டும். அந்த நிற்றல் எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. மூன்றாம் வாரம்வரை ஏதாவது ஓர் இடத்தில் கை துறுதுறுத்து ஒரு சுரம் கூடுதலாக விழுந்துவிடும். அப்போதெல்லாம் அவர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

அக்டோபரில் நடந்த நம் தீபாவளி கலை நிகழ்ச்சியில் அதே பாடலை மீண்டும் வைத்தோம். நிகழ்ச்சி நிரலில் பாடகர் பெயருக்குக் கீழே தபேலா, கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், கித்தார் வாசித்த அனைவரின் பெயரும் அச்சாயின. அச்சுச் செலவு கூடுகிறது என்று பொருளாளர் முணுமுணுத்ததையும் இங்குப் பதிவு செய்கிறேன். பாட்டி இம்முறையும் பேருந்தில் வந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகில் அழைத்தார்.

“ஏந்தம்பி, இன்னிக்கு நீ வாசிக்கலயா?” என்று கேட்டார்.